நரிக்குப் போடுகிற சத்தம்

ஓகஸ்ட் 19

என் மிளகாய்க் கன்றுகளைத் தோண்டிப் போட்டுவிட்டது. ஸ்காபரோவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சாடிகள். வேரோடு கிளப்பி ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, அந்தக் குழிக்குள் ஏதோ கொட்டையைப் புதைத்து, மண்ணை வேறு தட்டி மூடியிருக்கிறது. தின்றிருந்தால் பசி என்று விட்டிருப்பேன். இது திமிர்.

கேதீஸிடம் சொன்னேன். "அது சிப்மங்க் அம்மா, இஞ்சத்தை அணில். உந்தக் காடு முழுக்க உதுகள்தான்" என்றான். அவ்வளவுதான். கன்று போனது அவனுக்கு ஒரு விஷயமே இல்லை.

வந்து ஒரு கிழமை. மகன் வீடு என்று பெயர். காட்டுக்குள் ஒரு பலகை வீடு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஓட ஓட வந்துகொண்டே இருந்தது. சுரங்கத்தில் பெரிய வாகனங்கள் திருத்துகிற வேலை அவனுக்கு. மருமகள் சுகிர்தா ஏதோ கோர்ஸ் படிக்க ரொறன்ரோவில் தன் சின்னம்மா வீட்டில் நிற்கிறாளாம். நானும் ரொறன்ரோவில்தானே இருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்க்கவில்லை. புருஷன் காட்டுக்குள் பாணும் ரின்மீனும் தின்றுகொண்டு கிடக்க இவளுக்குக் கோர்ஸ். கலியாணம் செய்து இரண்டு வருடம். வவுனியாவிலிருந்து கூப்பிட்டு எடுத்ததே நாங்கள்.

படுக்கையறைக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறான். மற்றக் கதவெல்லாம் வெள்ளை, இது மட்டும் பெயின்ற் அடிக்காத பலகை. கேட்டேன். பழையது மழைக்கு ஊதிவிட்டதாம். வீட்டுக்குள்ளே ஏது மழை என்று கேட்கவில்லை. களைத்து வந்திருந்தான்.

இந்தக் கொப்பி எழுதத் தொடங்கியது அவர் செத்த பிறகு. அவர் இருந்தபோது எதை எழுதி வைத்தாலும் எடுத்து வாசிப்பார்.

ஓகஸ்ட் 22

இன்று அதை நன்றாகப் பார்த்தேன். நம் அணில் இல்லை. முதுகில் ஐந்து கறுப்புக் கோடு, கன்னத்திலும் கோடு. வால் சடை இல்லாமல் மெலிந்தது. மரத்தில் ஏறத் தெரியும், ஆனால் ஏறுவதில்லை, நிலத்தோடுதான் ஓட்டம். கல்லுக்குக் கல், வேருக்கு வேர். நின்று, முன்காலைத் தூக்கி, சுற்றிப் பார்த்து, மறுபடி ஓடும். நடக்கிறது என்ற ஒன்றே அதற்கு இல்லை.

ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்குகிறது. ஒன்றை வாய்க்குள் தள்ளும். இன்னொன்றை மற்றக் கன்னத்தில். இனி இடமில்லை என்று நான் நினைக்கும்போது இன்னும் ஒன்று. முகம் அம்மைக்கட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி வீங்கிவிடும். அந்த முகத்தோடு என் கொத்தமல்லிப் பாத்திக்கு மேலால் ஓடியது.

பாத்தியைச் சுற்றிக் கம்பிவலை போட வேண்டும்.

ஓகஸ்ட் 25

படியில் இருந்து கல் பொறுக்கிப் பருப்புத் தெரிந்துகொண்டிருந்தேன். முழங்காலில் ஏதோ பாரம். பார்த்தால் அது. என் முழங்காலில் இருந்துகொண்டு என் கையைப் பார்க்கிறது. நான் போட்ட சத்தத்தில் பருப்புத் தட்டு படி முழுக்கக் கொட்டிவிட்டது. செருப்பை எடுத்து எறிந்தேன். ஓடிப்போய்க் கல்லடியில் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி முழங்காலில் ஏறி உள்ளங்கையை மோந்து பார்த்தது.

காட்டுச் சீவன் தானாக இப்படி வராது. யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

இடது காது ஓரம் சிறிதாகக் கிழிந்திருக்கிறது.

ஓகஸ்ட் 27

சாப்பாட்டில் கேட்டேன். "தம்பி, உந்த அணிலை ஆர் பழக்கினது?"

"சுகிர்தாதான். வேறை வேலை என்ன? விடியத் தொடங்கினால் படியிலைதான்."

"கைக்கு வாறதெண்டால் எத்தினை நாள் இருந்திருக்க வேணும்?"

"சாப்பிடுங்கோம்மா."

அடுப்பில் கறி கிடக்க அணிலோடு விளையாட்டு. இப்படிப்பட்டவளுக்கு வீடு எப்படித் தங்கும் என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. பிறகு பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். இங்கே பஸ் இல்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் வேலைக்குப் போனால் படியைத் தவிர இருக்க இடம் என்ன.

யோசித்தேன், அவ்வளவுதான். அவள் செய்தது சரி என்று சொல்லவில்லை.

செப்டெம்பர் 3

மரங்களுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி டொரீன். எழுபது வயதிருக்கும், முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். வேலியோரமாக நின்றாள். நான் போய் ஃபாக்டரி வேலையில் பழகின என் இங்கிலீஷில் வணக்கம் சொன்னேன். கையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே நின்றாள். பெற்ற தாய் வந்திருக்கிறேன், ஒரு கோப்பி குடிக்க வா என்றேன். வரவில்லை. எவ்வளவு நாள் நிற்பாய் என்று கேட்டாள். இங்கே நாலு பேர்தான் குடியிருப்பு. அதில் ஒருத்திக்கு இவ்வளவு ஏத்தம்.

அணிலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வாய் திறந்தது. கல் மதில் ஓரத்தில் ஒரு துளையைக் காட்டினாள். முட்டை போகிற அளவு. சுற்றி ஒரு பிடி மண் இல்லை. தோண்டுகிற மண்ணைக் கன்னத்தில் அடக்கித் தூரக் கொண்டுபோய்க் கொட்டுமாம், வாசல் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. துளை நேரே கீழே இறங்கி, பிறகு வளைந்து வளைந்து போகுமாம். அடியில் காய்ந்த இலையால் படுக்கை. கொட்டையெல்லாம் படுக்கைக்குக் கீழே. பனிக்காலம் முழுக்கத் தூங்காது. சில நாளுக்கு ஒருதரம் எழும்பி, படுத்த இடத்திலேயே கையை விட்டு எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி படுத்துவிடுமாம்.

ஒரு குழிக்கு ஒன்றுதான். சோடி சேர்ந்து குடித்தனம் கிடையாது.

செப்டெம்பர் 9

மதிலடியில் நாலு குட்டி. எங்கிருந்து வந்தன என்று தெரியாது, திடீரென்று கல்லுக்குக் கல் விளையாடின. தாய் கிழிந்த காதுக்காரிதான். மத்தியானம் பார்க்கிறேன், ஒன்றை விரட்டு விரட்டென்று விரட்டிக் காட்டுக்குள் ஏற்றிவிட்டு வருகிறது. வால் நிமிர்ந்து நிற்கிறது. குட்டி திரும்பி வந்தது. மறுபடி கடித்து விரட்டியது.

பெற்ற தாயா இது. கல்லை எடுத்து எறிந்தேன். படவில்லை.

செப்டெம்பர் 12

ஒன்று கவனித்தேன். டொரீனின் கார் வந்தால் அது ஓடுவதில்லை. தபால்காரன் வந்தாலும் இல்லை. கேதீஸின் ட்ரக் றோட்டில் திரும்பும்போதே, எனக்கு எஞ்சின் சத்தம் கேட்க முன்னமே, மதிலில் நின்று "சிப் சிப் சிப்" என்று அடித்துவிட்டுத் துளைக்குள் போய்விடும். வானத்தில் பருந்து போனால் போடுகிற சத்தம் வேறு, தொண்டைக்குள் இருந்து "டொக் டொக்" என்று. இது நரிக்குப் போடுகிற சத்தம்.

எனக்கும் உதவிதான். அந்தச் சத்தம் கேட்டதும் எழும்பிச் சோற்றை அடுப்பில் சூடாக்கிவிடுவேன். வரும்போது சூடாக இருந்தால் அவனுக்கு நல்லது.

செப்டெம்பர் 14

ட்ரக்கின் வயர் ஒன்றை ஏதோ கடித்துவிட்டது. எலியாகவும் இருக்கலாம். "சிப்மங்க்தான்" என்றான். பின்னேரம் பெரிய வாளி ஒன்று கொண்டுவந்து மதிலோரம் வைத்தான். பாதி தண்ணீர். தண்ணீர் தெரியாதபடி மேலே சூரியகாந்தி விதை மிதக்கவிட்டான். வாளி விளிம்புக்கு ஒரு பலகை.

செப்டெம்பர் 15

காலையில் வாளிக்குள் மூன்று. மூன்றும் குட்டி.

செப்டெம்பர் 17

நேற்று வாளியைக் கவிழ்த்தேன். நிரப்பினான். இன்று மறுபடி கவிழ்த்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "ஆர் கவிட்டது?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான்.

"நான்தான். வீட்டு வாசலிலை ஏன் கொலை?"

சாப்பாட்டுக் கோப்பை என் தலைக்கு மேலால் போய்ச் சுவரில் உடைந்தது. சுவர் முழுக்கப் பருப்பு. என் மேல் படவில்லை. என் மேல் எறியவும் இல்லை, சுவரைப் பார்த்துத்தான் எறிந்தான். எழும்பிப் போய் ட்ரக்கில் இருந்தான்.

கோபக்காரன் இல்லை கேதீஸ். இரவு வேலை, நித்திரை இல்லை. நான்தான் சாப்பிடும்போது கதைத்திருக்கக் கூடாது.

செப்டெம்பர் 18

கேக் வாங்கி வந்தான். "குறை நினையாதேங்கோம்மா, வேலைப் பிரச்சனை" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. இனி வாளி வைப்பதில்லை என்று என் தலையில் கைவைத்துச் சொன்னான்.

அவர் மறுநாள் மீன் வாங்கி வருவார். பாரை மீன், பெரிதாக. அதை வெட்டிக் கழுவும்போது எனக்கு இடுப்பு நிமிராது.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 21

கோர்ஸ் இல்லை. கோபித்துக்கொண்டு ஜூனில் போனவள் திரும்பவில்லை. இன்றுதான் சொல்கிறான். அவன் நம்பரை அவள் தடுத்து வைத்திருக்கிறாளாம்.

அதைவிட, அவள் பிள்ளைத்தாய்ச்சி. ஐந்து மாதம்.

எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது, எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. அவள் சின்னம்மாவை இரண்டு முறை கோயிலில் கண்டேன், வாயைத் திறக்கவில்லை. எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. அவன் மேலும்தான்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எல்லாக் குடும்பத்திலையும் நடக்கிறதுதானே. நீங்கள் கதைச்சால் வருவா அம்மா. உங்களிலை அவவுக்கு மரியாதை இருக்கு."

சமைக்க என்னைக் கூட்டி வரவில்லை. இதற்குத்தான் கூட்டி வந்திருக்கிறான். சரி, தாய் பின்னே எதற்கு.

செப்டெம்பர் 28

என் போனில் எடுத்தேன். அவன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"மாமி," என்றாள் சுகிர்தா. குரல் மெலிந்துபோயிருந்தது. "பக்கத்திலை ஆரும் இருக்கினமோ?"

நான் அவனைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினான்.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

"அந்த அணில் வாறதோ மாமி? காது கிழிஞ்சது?"

"வாறது. மடியிலை ஏறுது."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பிள்ளை பிறக்கிற நேரம் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன், சமைத்துப் போடுவேன். எல்லாம் சொன்னேன்.

"நீங்கள் கேட்டால் நான் என்ன மாமி சொல்லுறது," என்றாள். "யோசிச்சுச் சொல்லுறன்."

போனை வைத்ததும் கேதீஸ் எழும்பி வந்து என் நெற்றியில் கொஞ்சினான். சின்ன வயதுக்குப் பிறகு கொஞ்சினதில்லை.

செப்டெம்பர் 30

வருகிறாளாம். அடுத்த சனிக்கிழமை கேதீஸ் போய்க் கூட்டி வருவான். தொட்டில் ஒன்று வாங்கி வந்து முன்னறையில் பொருத்திக்கொண்டிருக்கிறான். பாட்டு வேறு.

நான் செய்தது நல்ல காரியம்.

ஒக்டோபர் 3

வாளி.

தலையில் கைவைத்துச் சொன்னவன். மதிலுக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்திருக்கிறான். காலையில் கிழிந்த காது வரவில்லை என்று தேடிப் போனேன்.

மிதந்தது. கன்னம் இரண்டும் விதையால் நிரம்பி இருந்தது. வாளியின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல். நெடுநேரம் சுற்றிச் சுற்றி நீந்தியிருக்கிறது. பிளாஸ்டிக் வழுக்கும், ஏற முடியாது.

அவன் வேலையால் வந்ததும் வாசலிலேயே கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். நான் இவ்வளவு சத்தம் போடுவேன் என்று எனக்கே தெரியாது.

அவன் சத்தம் போடவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அவ வரேக்கை உது இருக்கக்கூடாது அம்மா. முந்தி நாள் முழுக்க உதோடைதான். நான் ஒண்டு கேட்டால் காது கேக்காது, உது கத்தினால் எழும்பி ஓடுவா. இனி வீட்டைப் பாக்கட்டும்."

வயர் கடித்ததற்காக இல்லை.

துணி ஒன்றில் சுற்றி ஓக் மரத்தடியில் புதைத்தேன்.

ஒக்டோபர் 4

அவன் வேலைக்குப் போனதும் டொரீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கூப்பிடாமல் உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன்.

"என் மருமகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லு. அவள் சனிக்கிழமை வருகிறாள்" என்றேன்.

டொரீன் வெளிறிப் போனாள். "நீயா கூப்பிட்டாய்?" என்று கேட்டாள்.

ஜூனில் ஒரு காலை, கொட்டுகிற மழை. சுகிர்தா றோட்டால் வராமல் மரங்களுக்கூடாக வந்திருக்கிறாள். காலில் செருப்பில்லை. உதடு வெடித்து இரத்தம். படுக்கையறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாளாம். கதவை உடைத்திருக்கிறான். யன்னலால் குதித்திருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு. அவன் தேடி வந்து இந்தக் கதவில் அடித்தபோது, இங்கே இல்லை என்று டொரீன் பொய் சொன்னாளாம். அடுத்த நாள் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள். பொலிசுக்குச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சுகிர்தா கையைப் பிடித்து அழுதாளாம்.

"ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை?" என்று கத்தினேன்.

"நீ அவன் தாய்," என்றாள் டொரீன். "நீ அவன் பக்கம் நிற்கத்தான் வந்தாய் என்று நினைத்தேன்."

அவள் நினைத்தது பிழையில்லை. அதற்குத்தான் எனக்கு அவள் மேல் இன்னும் கூடக் கோபம் வந்தது. எழும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் தடி ஒன்றை எடுத்து மரங்களை அடித்துக்கொண்டே வந்தேன், விசர் பிடித்தவள் மாதிரி. அணில்கள் எல்லாம் "சிப் சிப்" என்று கத்தின.

ஒக்டோபர் 5

மதிலடியில் நின்று போன் எடுத்தேன்.

"பிள்ளை, இண்டைக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. அண்டைக்கு இருந்தவன். நான் பொய் சொன்னனான்."

"தெரியும் மாமி," என்றாள். "அவர் மூச்சு விடுறது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாறன் எண்டு சொன்னனி?"

"நீங்கள் கேட்டனீங்கள். சின்னம்மாவும் போ எண்டுதான் சொல்லுறா. பிள்ளைக்கு அப்பா வேணும் எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கும் களைச்சுப் போச்சு மாமி."

"நான் இப்ப சொல்லுறன். வராதை. ஆர் சொன்னாலும் வராதை. அவன் வந்து காலிலை விழுந்தாலும் வராதை."

அழுதாள். அணிலைக் கேட்டாள். செத்துப்போச்சு என்று சொல்ல வாய் வந்தது. "கேதீஸ் கொன்று போட்டான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள்தான் கதைத்தாள். அதைக் கைக்குப் பழக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்ததாம். கையில் விதையை வைத்துக்கொண்டு விரல் கூட அசையாமல் இருக்க வேண்டுமாம். "அசையாமல் இருக்க நான்தான் நல்லாப் பழகியிருந்தனே மாமி," என்றாள். பிறகு கேட்டாள். "மாமி, மாமாவும் உங்களுக்கு அடிக்கிறவரோ?"

முப்பத்தாறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் கேட்டதில்லை. என் தங்கச்சி கேட்டதில்லை.

"ஓம்," என்றேன்.

ஒக்டோபர் 7, சனிக்கிழமை

டொரீன் வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் சவரம் செய்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். ட்ரக்கின் திறப்புச் சாவி மேசையில் கிடந்தது. அதை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அவள் வரமாட்டாள். நான்தான் வர வேண்டாம் எண்டு சொன்னனான்."

முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறியது. அந்த முகத்தை நான் அறிவேன். இவன் பிறக்க முன்னமே அறிவேன்.

"திறப்பைத் தாங்கோ."

"போய் என்ன செய்யப் போறாய்?"

"அது என்ரை குடும்பம். தாங்கோ."

நான் வெளியே நடந்தேன். பின்னால் வந்தான். ஓடினால் பிடித்துவிடுவான் என்று தெரியும். அறுபத்திரண்டு வயதில் எங்கே ஓடுவது. மதிலடிக்குப் போனேன். அந்தத் துளை இப்போது வெறும் வீடு. குனிந்து திறப்பை உள்ளே போட்டேன். விழுந்து, எங்கோ தட்டி, இன்னும் கீழே போகிற சத்தம் கேட்டது. மற்றத் திறப்பு சுரங்கத்தில் அவன் அலுமாரியில் இருக்கிறது, நாற்பது கிலோமீற்றர்.

"நீங்கள் ஒரு தாயோ?" என்று கேட்டான். நான் மதிலில் விழுந்தேன். இடது முழங்கை கல்லில் அடிபட்டது.

அவன் சவளை எடுத்து வந்து தோண்டத் தொடங்கினான். நல்ல சேட்டோடு. வேரும் கல்லும். கொட்டைகள் வந்தன, பை பையாக, நான் நினைத்தே பார்க்காத அளவு கொட்டைகள். ஒவ்வொரு வெட்டுக்கும் என்னையும் அவளையும் ஏசிக்கொண்டு தோண்டினான். நான் எழும்பி, மரங்களுக்கூடாக நடந்து இங்கே வந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

டொரீன் பொலிசுக்குப் போன் செய்தாள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுகிர்தாவுக்கு நான் எடுத்தேன். சின்னம்மா வீட்டை விட்டு வேறு இடம் போகச் சொன்னேன். ஊரில் அவளோடு படித்த பிள்ளை ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறாள்.

மேலே எழுதினதை வாசித்தேன். நான் மதிலில் விழவில்லை. தள்ளினான். இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். இனி அப்படித்தான் எழுதுவேன்.

ஒக்டோபர் 9

ரொறன்ரோ. டொரீன் தன் காரில் கொண்டுவந்து விட்டாள். வழி முழுக்க இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. ஒருதரம் காரை நிறுத்திச் சான்ட்விச் வாங்கித் தந்தாள். உப்புச் சப்பில்லை, முழுவதும் சாப்பிட்டேன்.

கூட்டாளியின் வீட்டுக் கதவைச் சுகிர்தா திறந்தாள். வயிறு முன்னுக்கு வந்திருக்கிறது, முகத்தில் தசை இல்லை. என் கைக்கட்டைப் பார்த்தாள். அவளோடு அவள் சின்னம்மாவும் நின்றாள், சமாதானம் பேச வந்தவள்.

"என்ன தவமணி அக்கா, பெத்த பிள்ளையைப் பொலிசிலை பிடிச்சுக் குடுத்திட்டியளாமே. ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் இவ்வளவு நாளும் ஒண்டும் கதைக்கேல்லைத்தானே," என்றேன். "அப்பிடியே பேசாமல் இருக்கட்டும்."

தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டாள். போகட்டும்.

நவம்பர் 16

சுகிர்தா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கேதீஸுக்கு வழக்கு. எங்கள் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. கோபத்தை அடக்கப் படிப்பிக்கிற வகுப்புக்குப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். அவன் கூட்டாளி ஒருவன் சொன்னான். போகிறானா தெரியாது.

டொரீன் போன் எடுத்தாள். அங்கே பனி கொட்டிவிட்டதாம். அணில்கள் எல்லாம் உள்ளே போய் வாசலை அடைத்துவிட்டனவாம். தோண்டின குழியை அவன் மூடவில்லையாம். கொட்டைகளை வேறு அணில்கள் வந்து கன்னம் கன்னமாக அள்ளிக்கொண்டு போனதை அவள் யன்னலால் பார்த்தாளாம்.

எனக்கு இன்னும் நித்திரை வருவதில்லை. அவர் செத்துப்போனார், அவரிடம் இனி ஒன்றும் கேட்க முடியாது. அது ஒரு தனிக் கோபம். இவன் சின்ன வயதில் மேசைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அழமாட்டான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

ஜனவரி 24

பெண் பிள்ளை. தலை நிறைய மயிர். கத்துகிற கத்தலில் ஆஸ்பத்திரிப் பெண்கள் சிரித்தார்கள்.

பெப்ரவரி 10

புது நம்பரில் இருந்து போன். கேதீஸ். இவ்வளவு நாளில் முதல்தரம். எனக்கு எடுக்க அவனுக்குத் தடை இல்லாமல் போய்விட்டதாம், வக்கீல் சொன்னாராம்.

"அம்மா, பிள்ளையின்ரை சத்தத்தை ஒருக்கால் கேக்கவிடுங்கோ. அதுகும் பாவமோ?"

சுகிர்தா குசினியில் நின்றாள். குரல் கேட்டதும் கையில் இருந்த போத்தலோடு அப்படியே நின்றுவிட்டாள். விரல் கூட அசையவில்லை.

"வகுப்புக்குப் போறியோ?" என்று கேட்டேன்.

"அது வெள்ளைக்காரன்ரை விசர் வேலை அம்மா. நான் என்ன பைத்தியமோ?"

"அப்ப நான் சொல்லுறதைக் கேள். நீ அவளுக்கு அடிச்சனி. என்னைத் தள்ளினனி. கொப்பர் எனக்கு அடிச்சவர், நீ பாத்துக்கொண்டு இருந்தனி. மூண்டையும் நீ உன்ரை வாயாலை சொல்லு. அதுக்குப் பிறகு எடு."

மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. சுகிர்தா சொன்னது சரிதான், அந்த மூச்சு தெரியும். நெடுநேரம் காத்திருந்தேன். அவன் என் பிள்ளை, அதனால் காத்திருந்தேன். மூன்றில் ஒன்றும் வரவில்லை. நான்தான் வைத்தேன்.

சுகிர்தாவிடம் போய்ப் போத்தலை வாங்கினேன். பால் ஆறிவிட்டிருந்தது. அவளைக் கதிரையில் இருத்திவிட்டு, சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கினேன். உள்ளே பிள்ளை பசியில் கத்தத் தொடங்கியிருந்தாள். நல்ல பெரிய சத்தம். ஒருவரும் அவளை உஸ் என்று சொல்லவில்லை.